கேளாமல் வந்த கடனட்டைக் கடிதம்

பருத்தித்துறையிலோ சாவகச்சேரியிலோ ஒரு வீடு. கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வருகிறது: கடனட்டைக் கட்டணம் நிலுவையாம். வீட்டில் எவரும் அப்படியோர் அட்டைக்கு விண்ணப்பித்ததில்லை. கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடத்தான் தோன்றும். வைக்காதீர்கள். அதற்குப் பின்னால் இரண்டு ஏற்பாடுகள் இயங்குகின்றன. அவற்றை அறிந்தால் பயத்தில் பாதி போய்விடும்.

ஒன்று, தேசிய அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதனுடன் 500 கூட்டுவார்கள். 85032 என்று தொடங்கினால் 1985 பெப்ரவரி 1இல் பிறந்த ஆண். 85532 என்றால் அதே நாளில் பிறந்த பெண். 2016 முதல் வரும் அட்டைகளில் ஆண்டு நான்கு இலக்கமாக வருகிறது; மொத்தம் 12 இலக்கங்கள். ஆக, பிறந்த திகதியை இந்த இலக்கமே சொல்லிவிடுகிறது. சிம் வாங்கவும் மோட்டார் சைக்கிளை லீசிங்கில் எடுக்கவும் நகையை அடகு வைக்கவும் இதன் போட்டோக்கொப்பியை நீட்டிப் பழகிவிட்டோம். போர் முடிந்து ஏ9 வீதி திறந்தபின் நிதி நிறுவனக் கிளைகள் யாழ் குடாநாட்டில் பெருகின. கொப்பிகளும் பெருகின. அவை எந்த மேசையில் கிடக்கின்றன, அவற்றைக் காட்டி யார் நம் பெயரில் கடன் கேட்கக்கூடும் என்று எவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

மற்றையது, இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். சனம் 'கிரிப்' என்று சொல்வது இதைத்தான். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தாம் கொடுத்த கடன்களின் விவரங்களை இங்கே தருகின்றன. புதிதாகக் கடன் கொடுக்குமுன் இங்கே விசாரிக்கின்றன. ஒழுங்காகக் கட்டுபவரின் விவரமும் அங்கே உண்டு. "கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது, இனி எங்கும் கடன் இல்லை" என்ற பேச்சில் பாதிதான் உண்மை. பணியகம் எவரையும் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கடன் கொடுப்பதா இல்லையா என்பது வங்கியின் முடிவு.

உங்கள் அறிக்கையை நீங்களே கட்டணம் செலுத்திப் பெறலாம். உங்கள் பெயரிலுள்ள கடன்கள், அட்டைகள், நீங்கள் பிணை நின்ற கடன்கள் எல்லாம் அதில் வரும். இன்னொன்றும் வரும்: எந்தெந்த நிறுவனம் எப்போது உங்களைப் பற்றி விசாரித்தது என்ற பதிவு. இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நீங்கள் வாசலே மிதிக்காத ஒரு வங்கி உங்களைப் பற்றி விசாரித்திருந்தால், யாரோ உங்கள் பெயரைப் பயன்படுத்தப் பார்த்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

எல்லாக் கடிதமும் மோசடியல்ல. சம்பளக் கணக்கோடு எப்போதோ வந்த அட்டைக்கு வருடாந்தக் கட்டணம் ஏறியிருக்கலாம். மச்சானுக்குப் பிணை நின்றது மறந்திருக்கலாம். பலமுறை இடம்பெயர்ந்த ஊர் இது. வங்கியிடம் இருப்பது பழைய வலிகாமத்து முகவரியாகவும், முந்திய கடிதங்கள் அங்கேயே போயிருக்கவும் கூடும்.

கடிதத்திலுள்ள தொலைபேசி எண்ணை அழைக்காதீர்கள். கடிதமே போலியாக இருக்கலாம். கிளைக்கு நேரில் போங்கள். தமிழில் விளக்கம் கேளுங்கள். மறுப்பை எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். பெயர் களவாடப்பட்டது தெரிந்தால் பொலிஸில் முறையிடுங்கள். கிரிப் அறிக்கையில் பிழை இருந்தால், அந்தத் தகவலை அனுப்பிய நிறுவனமே அதைச் சரிபார்த்துத் திருத்த வேண்டும். வங்கி அசையாவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

இனி எங்காவது அடையாள அட்டைக் கொப்பி கேட்டால், அதன் குறுக்கே எதற்காக, யாருக்கு, எந்தத் திகதியில் கொடுக்கிறீர்கள் என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். எழுத்து, படத்தின் மேலும் இலக்கத்தின் மேலும் ஓடட்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம்.