காரில் கிடக்கும் சிவப்புத் தோம்பு

ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார்தான். இன்றோ லயத்து வாசலில் கஞ்சில், சாகா என்று வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பல, இரண்டு மூன்று பேரிடம் கைமாறி வந்த வண்டிகள். அப்படி வரும் காரோடு இருக்கைக்கு அடியிலோ பின்பெட்டியிலோ ஒரு சின்னச் சிவப்புத் தோம்பும் சேர்ந்து வந்துவிடுகிறது. தீயணைப்பான் என்று அதற்குப் பெயர். யார் வாங்கியது, எந்த ஆண்டில் வாங்கியது, உள்ளே இருப்பது இன்னும் வேலை செய்யுமா என்று நம்மில் பலர் திருப்பிப் பார்த்ததே இல்லை. அது இருக்கிறது என்ற தைரியத்திலேயே வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

டவுனில் இருப்பவர்களைவிட நமக்குத்தான் அது அதிகம் வேண்டும். செம்மண் சாலையைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் டிவிஷனுக்குத் தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை நெருப்பு காத்திருக்காது. நம் பழைய கார்களில் தீ பிடிக்கக் காரணங்களும் நிறைய. பெட்ரோல் போகும் ரப்பர் குழாய் வெடித்துக் கசியும். பட்டறையில் எண்ணெய் துடைத்த துணியை இயந்திரத்தின் மேலேயே மறந்து வைத்துவிடுவார்கள். கூடுதல் விளக்குக்கும் பாட்டுப் பெட்டிக்கும் ஃபியூஸ் இல்லாமல் கம்பி இழுத்திருப்பார்கள். போதாக்குறைக்கு எலி வேறு. செம்பனைக் காட்டு எலியைப் பிடிக்க நிர்வாகங்கள் கூண்டு வைத்து ஆந்தை வளர்க்கின்றன. ஆனால் காருக்குள் புகுந்து கம்பியைக் கடிக்கும் எலியை எந்த ஆந்தை பிடிக்கும்?

கார்களில் வைக்கும் தோம்புகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது உலர்ந்த தூள். எல்லாவகைத் தீக்கும் ஏற்றது என்று விற்கப்படும் தூளில் முக்கியமானது மோனோ அமோனியம் பாஸ்பேட். நாம் மரத்துக்குப் போடும் உரங்களிலும் இதே பொருள் உண்டு. அதற்காகக் காலாவதியான தூளைக் கத்தரிச் செடிக்குப் போடலாமா என்று கேட்காதீர்கள். ஈரம் ஒட்டாமல் இருக்க அதில் சிலிக்கோன் முதலியவற்றைக் கலந்திருக்கிறார்கள். இந்தத் தூளை வெளியே தள்ள உள்ளே காற்றை, பெரும்பாலும் நைட்ரஜனை, இறுக்கி அடைத்திருக்கிறார்கள். அந்த அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய ஐந்தாறு மடங்கு. சின்னத் தோம்பு என்று பார்த்தாலும், அதற்குள் இருக்கும் வேகம் சின்னதல்ல. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

முதலில், வைக்கும் இடம். காருக்குள் உருள விடவே கூடாது. உருண்டு வந்து பிரேக் மிதிக்கு அடியில் சிக்கினால், தீ பிடிக்காமலேயே உயிருக்கு ஆபத்து. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் முன்புறத்தில், கை எட்டும் இடத்தில், இரும்புப் பட்டை போட்டு இறுக்கி வைப்பது நல்லது. பின்பெட்டியில் அரிசி மூட்டைக்கும் பிள்ளைகளின் பள்ளிப் பைக்கும் கீழே புதைந்து கிடப்பது அவசரத்துக்கு உதவாது. கண்ணாடிக்கு அடியில் வெயில் நேராக விழும் பலகையிலும் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் அந்தப் பகுதி 60 பாகை செல்சியஸுக்கும் மேல் சூடாகும். தோம்பு எவ்வளவு சூடு தாங்கும் என்பது அதன் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். வாங்கும்போது படித்துப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை, சம்பள நாளன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன், அதைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா? பாதுகாப்பு ஊசியும் அதன் முத்திரையும் உடையாமல் இருக்கின்றனவா? முனையில் குளவி கூடு கட்டியிருக்கிறதா? அடிப்பாகத்தில் துரு உண்டா? ஓடும் வண்டியின் அதிர்ச்சியில் தூள் அடியில் படிந்து இறுகும். அதனால் தலைகீழாகத் திருப்பி இரண்டு மூன்று முறை அசைத்துவிடுங்கள். முள் சிலவேளை ஒட்டிக்கொண்டு பொய் சொல்வதும் உண்டு. மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, தோம்பில் எழுதியுள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டால் தூள் குறைந்திருப்பது தெரிந்துவிடும்.

ஆண்பிள்ளைகள் செய்யும் ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். “வேலை செய்கிறதா பார்ப்போம்” என்று ஊசியைக் கழற்றி ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பது! ‘புஸ்’ என்று கொஞ்சம் தூள் வந்ததும் திருப்தியோடு மறுபடி மாட்டிவிடுவார்கள். அந்தத் தூள் வால்வின் வாயில் சிக்கிக்கொள்ளும். பிறகு காற்று மெல்ல மெல்லக் கசிந்து, தேவைப்படும் நாளில் தோம்பு ஊமையாகிவிடும். ஒரு விநாடி அழுத்தியிருந்தாலும் கடையில் கொடுத்து மறுபடி நிரப்பியாக வேண்டும்.

ஓடும்போது புகை வந்தால் வண்டியை ஓரம் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, முதலில் ஆட்களை இறக்குங்கள். பிள்ளைகளைத் தூரமாக அனுப்புங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை ஒருவர் அழைக்கட்டும். தோட்டப் பாதை என்றால் இன்னொருவர் பெரிய சாலைச் சந்திக்குப் போய் நின்று வழிகாட்டட்டும். பொனட் என்னும் முன்மூடியை விரியத் திறக்காதீர்கள். காற்று பாய்ந்து தீ முகத்தில் அடிக்கும். உள்ளிருந்து விசையை மட்டும் இழுத்து, கிடைக்கும் இடுக்கு வழியாகத் தூளைச் செலுத்துங்கள். காற்று முதுகுப்பக்கம் இருக்கட்டும். வண்டிக்கு நேர் முன்னாலோ நேர் பின்னாலோ நிற்காமல் கோணலாக நில்லுங்கள். ஒரு கிலோ தோம்பில் பத்து விநாடிக்கு மேல் தூள் வராது. ஆகவே தீ இருக்கைகளுக்குப் பரவிவிட்டாலோ, பெட்ரோல் தொட்டிப் பக்கம் போய்விட்டாலோ, வீரம் வேண்டாம், விலகிவிடுங்கள். காருக்கு மாதத் தவணை இன்னும் மூன்று வருடம் இருந்தாலும் சரிதான். இயற்கை வாயுவில் ஓடும் வண்டியும் மின்கல வண்டியும் எரிந்தால் கிட்டேயே போகக்கூடாது. மின்கலத் தீ இந்தத் தூளுக்கு அடங்காது.

இனி, யாரும் அதிகம் பேசாத பகுதிக்கு வருகிறேன். பழைய தோம்பை என்ன செய்வது?

நம் பக்கத்தில் வழக்கம் மூன்று. வீட்டுக்குப் பின்னால் வாழை மரத்தடியில் போட்டுவிடுவது ஒன்று. பெசி பூரோக் லோரி வரும்போது எடைக்குப் போடுவது இன்னொன்று. குப்பை மேட்டில் எறிந்து, சருகோடு சருகாகத் தீ வைப்பது மூன்றாவது. மூன்றில் இதுதான் மிகவும் மோசம். மூடிய இரும்புக்குள் இருக்கும் காற்று சூடேறினால் அழுத்தம் பெருகி, தோம்பு குண்டுபோல் வெடிக்கும். தீயை அணைக்கச் செய்த பொருளே துண்டுதுண்டாகப் பறக்கும்.

வாழை மரத்தடியில் கிடப்பதை யார் எடுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பிள்ளைகள்தான். பந்து விளையாட்டில் கோல் கம்பத்துக்கு ஒரு பக்கம் செருப்பும் மறுபக்கம் இத்தகைய தோம்பும் வைத்திருந்ததை நானே பார்த்து, பிடுங்கி வந்திருக்கிறேன். ஈர மண்ணில் கிடந்தால் அடிப்பாகம் துருவேறி மெலிந்துவிடும். அதன்மேல் கல் விழுந்தாலோ, யாராவது கைப்பிடியை அழுத்தினாலோ, அடி பிய்த்துக்கொண்டு தோம்பு மேலே பாயக்கூடும். குனிந்திருப்பவன் முகம் என்னவாகும்? முள் சுழியத்தில் நிற்கிறதே என்பதும் ஆறுதல் அல்ல. சிலவற்றில் காற்று தனியாக ஒரு சின்ன உருளைக்குள் அடைபட்டிருக்கும். வெளியே எதுவும் காட்டாது.

பழைய இரும்புக் கடையிலும் அப்படியே கொடுக்கக்கூடாது. அங்கே அதை வெட்டுபவனும் ஒரு தொழிலாளிதான். குப்பை லோரியில் போட்டாலும் அதே கதை. லோரி குப்பையை நசுக்கும்போது பக்கத்தில் நிற்பவர் நம்மைப் போன்ற ஒருவர்.

சரியான வழி எளிது. தீயணைப்பான் விற்று, நிரப்பித் தரும் கடைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். புதியது வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்வீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அவர்கள் காற்றைப் பிடுங்கி, வால்வைக் கழற்றி, தூளை வேறாக்குவார்கள். அதன் பிறகு அது வெறும் இரும்பு. கடை தெரியாவிட்டால் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் விசாரிக்கலாம். வீட்டில் ஆணி அடித்து ஓட்டை போடுவதோ, வால்வை ஸ்பேனர் போட்டுக் கழற்றுவதோ கூடவே கூடாது.

மிகப் பழைய கார்களிலும் கொட்டகைகளிலும் வேறு இரண்டு வகை தட்டுப்படலாம். ஒன்று, கைப்பம்பு வைத்த பித்தளை உருளை. அதில் ஊற்றியிருந்த கார்பன் டெட்ராக்ளோரைட் விஷம். சூடான இரும்பில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய வாயு உண்டாகும். பளபளவென்று இருக்கிறதே என்று காட்சிக்கு வைக்க எடுக்காதீர்கள். மற்றொன்று ஹாலோன். அது வானத்து ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987-ஆம் ஆண்டு மொன்றியல் உடன்பாட்டின்கீழ் வளர்ந்த நாடுகள் 1994-லும் மற்ற நாடுகள் 2010-லும் அதன் உற்பத்தியை நிறுத்தின. பெயர்ச் சீட்டில் ஹாலோன் என்றோ பிசிஎஃப் என்றோ இருந்தால் திறந்துவிடாமல் அப்படியே ஒப்படைக்கவேண்டும்.

டவுனுக்குப் போகும் நாள் வரை பழைய தோம்பைப் பிள்ளைகள் கை எட்டாத, வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் நிற்க வைத்திருங்கள். காரிலேயே விட்டுவைக்க வேண்டாம். அதன்மேல் ஒரு தாளை ஒட்டி, ‘பழையது’ என்று பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். அடுப்படியில் தீ என்று யாராவது ஓடிவந்தால் அவசரத்தில் அதைத் தூக்கிவிடக் கூடாது அல்லவா? இரும்புப் பட்டையை மட்டும் காரில் இருந்து கழற்றாதீர்கள். அதே அளவுள்ள தோம்பு வாங்கினால் புதியதற்கும் அதுவே போதும்.