ஏழாம் நம்பரும் மற்றவையும்

ஹேவ்லாக் தீவில் எது நல்ல கடற்கரை என்பதைக் கடிகாரம்தான் சொல்லவேண்டும்

டிசம்பர் மாதம், மாலை நாலரை மணி. சென்னை மெரினாவில் சுண்டல்காரர்கள் கடை போடும் நேரம். ஆனால் அந்தமானின் ஹேவ்லாக் தீவில், ராதாநகர் கடற்கரையில், சூரியன் விழத் தயாராகிவிட்டது. சற்று நேரத்தில் காவலர்கள் விசிலடிக்கிறார்கள். தண்ணீரில் இருப்பவர்கள் வெளியே வரவேண்டும். மதியச் சாப்பாட்டை நிதானமாக முடித்து, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு அப்போதுதான் ஜீப்பில் வந்து இறங்கிய குடும்பம் திகைத்து நிற்கிறது. இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா?

தப்பு கடலுடையது அல்ல, கைக்கடிகாரத்துடையது. சென்னைக்குக் கிழக்கே 1,300 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தாலும் அந்தமான் பின்பற்றுவது அதே இந்திய நேரத்தைத்தான். எனவே டிசம்பரில் 5 மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் வந்து, இந்தியாவின் மிக அழகான கடற்கரையை இருட்டில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

ராதாநகருக்கு உள்ளூர்ப் பெயர் 'ஏழாம் நம்பர்'. தீவின் கடற்கரைகளுக்கு எண் வைத்துத்தான் இங்கே பேச்சு. 1950களிலிருந்து கிழக்கு வங்காள அகதிகள் குடியமர்த்தப்பட்ட கிராமங்களுக்குக் கோவிந்தநகர், விஜயநகர், கிருஷ்ணாநகர் என்று பெயர்கள் உண்டு. ஆனால் ஆட்டோக்காரரிடம் ஐந்து, ஏழு என்றாலே போதும். 2004இல் 'டைம்' பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியபிறகு ஏழாம் நம்பரின் வாழ்க்கையே மாறியது. 2020இல் 'நீலக்கொடி' சான்றிதழும் சேர்ந்தது. அந்தப் புகழுக்குக் கடற்கரை தகுதியானதுதான். சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு மாவு போன்ற வெள்ளை மணல். அதன் விளிம்பிலேயே சுவர் எழுப்பியதுபோல் நெடிய காட்டு மரங்கள். மண்ணைச் சுமந்து வந்து கலக்கும் பெரிய ஆறுகள் இல்லாததால் கண்ணாடிபோல் தண்ணீர். பவளமும் சிப்பியும் பொடிந்து உருவான மணல் என்பதால் உச்சி வெயிலிலும் கால் அவ்வளவாகச் சுடுவதில்லை. காலை எட்டு மணிக்குப் போனால் கூட்டமும் இல்லை. மாலைக் காட்சிதான் வேண்டும் என்பவர்கள் மூன்று மணிக்கே இடம் பிடிப்பது நல்லது.

விஜயநகரில் உள்ள ஐந்தாம் நம்பரின் கதை வேறு. தங்கும் விடுதிகள் பலவும் இந்தப் பக்கம்தான். கடல் ஏறியிருக்கும்போது அறை வாசலில் இறங்கி நீந்தலாம் போலத் தோன்றும். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கடல் எங்கோ போயிருக்கும். இடையில் கல்லும் சேறும் உடைந்த பவளமும்தான். விளம்பரப் புகைப்படத்தை நம்பி முன்பணம் கட்டியவர்கள் ஏமாந்துபோனதாகச் சண்டைக்குப் போவதுண்டு. யாரும் ஏமாற்றவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல்மட்டம் 2 மீட்டர் வரை ஏறி இறங்கும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். படகுக்காரர்களுக்கு இது மனப்பாடம். சுற்றுலா நிறுவனங்களின் நிகழ்ச்சி நிரலில் மட்டும் இதற்கு இடமே இல்லை: முதல் நாள் இது, இரண்டாம் நாள் அது, கடல் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கிழக்கு ஓரத்தில் இன்னும் கீழே போனால் காலாபத்தர். பெயருக்கேற்பக் கறுத்த பாறைகள், இளநீல நீர். குளிப்பதைவிடக் காலையில் சூரியன் எழுவதைப் பார்க்க ஏற்ற இடம். அதற்கு 5 மணிக்கே எழுந்திருக்க வேண்டும்; தேனிலவுத் தம்பதிகளிடம் இதைச் சொல்வது வீண்.

நீருக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் போகவேண்டியது யானைக் கடற்கரைக்கு. படகுத்துறையிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். காட்டு வழியே நடந்தும் போகலாம், மழை பெய்திருந்தால் வழுக்கும். மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்ட யானைகள் இங்கே வேலை செய்ததால் இந்தப் பெயர். அவற்றில் சில கடலில் நீந்தவும் பழகின. அந்த நீச்சல் யானைகளில் கடைசியானதும் உலகமே படமெடுத்ததுமான ராஜன் 2016இல் இறந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையில் சாய்ந்து வெளுத்துப்போன பெருமரங்கள்தான் இப்போது படமெடுப்பவர்களுக்குக் கிடைப்பவை.

முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் குப்புறக் கிடந்தாலே வண்ண மீன்கள் தெரியும். ஆனால் 20 ஆண்டுகளுக்கு முன் பார்த்தவர்கள் இன்று பார்த்தால் வருந்துவார்கள். 2010இலும் 2016இலும் கடல்நீர் அளவுக்குமீறிச் சூடானதில் அந்தமானின் பவளங்கள் வெளுத்தன. வெளுத்த பவளம் மீள ஆண்டுக்கணக்கில் ஆகும். அதற்குள் அதன்மேல் ஏறி நின்று போஸ் கொடுக்க ஒருவர் வந்துவிடுகிறார். நினைவுப் பொருளாகப் பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொள்வது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மணலுக்கும் ஆபத்து இருந்தது. கட்டடங்களுக்காகக் கடற்கரை மணலையே அள்ளிக்கொண்டிருந்த வழக்கத்தைப் படிப்படியாகக் குறைக்க 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

கூட்டம் பிடிக்காதவர்களுக்குப் பக்கத்திலேயே நீல் தீவு. ஊர்ப் பெயர்களில் ராமாயணக் குடும்பமே இருக்கிறது: சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். நீச்சல் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பரத்பூரின் ஆழமில்லாத நீர் ஏற்றது. லட்சுமண்பூரில் பாறையில் இயற்கை குடைந்த பாலம் ஒன்றுக்கு வங்காளிகள் 'ஹௌரா பாலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதையும் கடல் இறங்கியபோதுதான் போய்ப் பார்க்க முடியும்.

இரண்டு தீவுகளும் 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதிகளின் பெயரைத் தாங்கியிருந்தன. நீலைச் சென்னைக்காரர்களுக்கு வேறு விதத்தில் தெரியும். மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. தீவிலிருந்து அவர் பெயர் போக 2018 டிசம்பர் வரை ஆனது. இன்று அரசு ஏடுகளில் ஹேவ்லாக் சுவராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. இரண்டும் 1943இல் சுபாஷ் சந்திர போஸ் அந்தமான், நிகோபாருக்குச் சொன்ன பெயர்கள்.

மறுபடியும் அந்த விசில். அதைக் கேட்டு முணுமுணுப்பவர்களுக்குப் பலருக்கும் 2010 ஏப்ரலில் நடந்தது தெரியாது. ராதாநகரை ஒட்டிய சிறு வளைகுடாவில் நீரில் இருந்த ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை இழுத்துச் சென்றது. உவர்நீர் முதலைகள் வாழ்வது சதுப்புநிலக் கழிமுகங்களில். ஆனால் கடலைக் கடந்து தீவுக்குத் தீவு போகும் திறன் அவற்றுக்கு உண்டு. இருட்டும் நேரத்திலும் ஓடைகள் கடலில் கலக்கும் இடத்திலும் ஆபத்து அதிகம். ஏழாம் நம்பரில் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. பலகைக்கு முதுகைக் காட்டியபடிதான் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் சாது. மே மாதம் பருவமழை தொடங்கியதும் படகுகள் எப்போது ரத்தாகும் என்று சொல்ல முடியாது. திரும்பும் விமானத்துக்கு முதல்நாளே போர்ட் பிளேர் வந்து சேர்ந்துவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். அந்த ஊரின் பெயரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. அங்கே இறங்கியதும் விசாரிக்கவேண்டியது ஓட்டல் வாடகையை அல்ல; நாளைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்பதை. துறைமுகத்தில் தமிழிலேயே கேட்கலாம், பதில் சொல்ல ஆள் இருப்பார்கள்.