பேராதனையில் தங்கிய கடற்படைத் தலைவர்

பேராதனைப் பூந்தோட்டத்தைக் கண்டு களித்தோர் எம்மிற் பலர். இரண்டாம் உலக மகாயுத்தத்தின் திட்டங்கள் பல அங்கே வகுக்கப்பட்டன என்பதை அறிந்தோர் சிலரே. அங்கிருந்து தலைமை தாங்கிய லூயி மவுண்ட்பேற்றன் பிரபுவின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம்.

1900ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்த இவர், 1913இல் கடற்படைக் கல்லூரியிற் சேர்ந்தார். கடற்படையின் தலைமைப் பதவியிலிருந்த தந்தையார், ஜேர்மானியப் பிறப்பினர் என்ற பழிச்சொல்லால் 1914இற் பதவி துறந்தார்.

1942இல் வாஷிங்டன் சென்ற மகனார், அமெரிக்க சனாதிபதி றூஸ்வெல்ற்றின் நன்மதிப்பைப் பெற்றார். மறு ஆண்டு சேர்ச்சிலும் றூஸ்வெல்ற்றும் இசைந்து, இவரைத் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைவராக்கினர். 1944 ஏப்ரலில் தலைமையகம் டில்லியிலிருந்து பேராதனைக்கு மாறிற்று.

சனாதிபதியின் நட்புப் பதவியைத் தந்ததேயன்றி, படையினரின் நம்பிக்கையைத் தரவில்லை. இத்தலைமையகம் இங்கிலாந்தின் ஆசியக் குடியேற்ற நாடுகளைக் காக்கவே அமைந்ததென அமெரிக்க உத்தியோகத்தர் எள்ளி நகைத்தனர். மவுண்ட்பேற்றனோ போர்முனைகளுக்குச் சென்று வீரருடன் அளவளாவினார். மலேரியாத் தடுப்பை வற்புறுத்தினார். மாரிகாலத்தும் போரைத் தொடரச் செய்தார். 1945 மே மாதத்தில் றங்கூன் மீட்கப்பட்டது. முந்திய மாதமே காலமான றூஸ்வெல்ற் அதனைக் காணவில்லை. செப்டெம்பர் 12இல் சிங்கப்பூரில் யப்பானியர் இவரிடம் சரணடைந்தனர்.

1947இல் இந்தியாவின் இறுதி வைஸ்றோயான இவர், 1955இல் தந்தையார் இழந்த அப்பதவியையே அடைந்தார். 1979இல் அயர்லாந்திற் குண்டுவெடிப்பில் மாண்டார்.

பெரியோர் நட்பாற் பதவி பெறுதல் கூடும்; அதற்குத் தகுதியுடையோமெனக் காட்டுதல் எம் கடனாகும். பேராதனை செல்லும் மாணவர் இதனையும் நினைவிற் கொள்வாராக.