வெள்ளிக்கிழமை வர்த்தமானி

எங்கள் வாப்பாமார் படித்த காலத்தில் ‘வித்தியாதரிசி வாரார்’ என்றால் முதல் நாளே பாடசாலை கூட்டித் துப்புரவாகிவிடுமாம். பிறகு வட்டாரக் கல்வி அதிகாரி என்றார்கள். இப்போது கோட்டக் கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர் என்கிறோம். பெயர் மாறினாலும் வேலையின் பாரம் குறையவில்லை. எந்தப் பாடசாலைக்கு எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் தேவை, எந்தக் கட்டடம் முதலில் திருத்தப்பட வேண்டும் என்பதெல்லாம் அந்த மேசைகளைக் கடந்துதான் மேலே போகிறது.

மாத்தளை மாவட்டத்தில் மாத்தளை, கலேவெல, நாவுல, வில்கமுவ என நான்கு கல்வி வலயங்கள் உள்ளன. பெரும்பாலானவை சிங்களமொழிப் பாடசாலைகள். நம் பாடசாலைகளும் தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளும் அவற்றுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. எனவே தமிழில் வரும் ஒரு கடிதத்தை வாசித்து, அதன் நியாயத்தைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்லக்கூடிய ஓர் அதிகாரி காரியாலயத்தில் இருப்பதும் இல்லாததும் பிள்ளைகளின் வகுப்பறை வரை வந்து தாக்கும். நல்ல ஆசிரியர்கள் நம்மிடம் இல்லாமலில்லை. ஆனால் ஸ்டாஃப் ரூமில் இந்தப் பேச்சு எழுந்தால், ‘அதெல்லாம் எங்களுக்கு எங்க சேர் கிடைக்கப் போகுது’ என்ற ஒரு வரியோடு கதை முடிந்துவிடுகிறது.

கிடைக்கும் வழி என்ன என்று முதலில் பார்ப்போம். கல்விப் பணிப்பாளர் பதவிகளுக்கு உரியது இலங்கை கல்வி நிருவாக சேவை. மூன்றாம், இரண்டாம், முதலாம் வகுப்புகளும் அதற்கு மேல் விசேட வகுப்பும் அதில் உண்டு. இது நாடளாவிய சேவை. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்துக்குப் பின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபைகளின் கீழ் வந்தாலும், வலயக் காரியாலயங்களில் பணிப்பாளர்களாக இருப்போர் இந்தச் சேவையைச் சேர்ந்தவர்களே.

இதற்குள் நுழைய மூன்று வாசல்கள். பட்டதாரிகள் வயதெல்லைக்குள் எழுதும் திறந்த போட்டிப் பரீட்சை ஒன்று. ஏற்கெனவே சேவையிலுள்ள ஆசிரியர்களும் அதிபர்களும் எழுதும் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை இரண்டாவது. சேவை அனுபவமும் திறமையும் பார்த்து எடுப்பது மூன்றாவது. பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். அதிபர் சேவைக்குத் தனியான பரீட்சை உண்டு. அதை ஒரு படியாக வைத்து மேலே போனவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் தடை எங்கே? முதலாவது, செய்தி. பல வருடங்களுக்கு முன் நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் இப்படியோர் அறிவித்தல் சிங்களத்தில் வந்து கோவைக்குள்ளேயே கிடந்தது. என் கண்ணில் பட்டபோது முடிவுத் திகதி போய் ஐந்து நாள். கொஞ்சக் காலம் அந்தக் காரியாலயத்தைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் விளங்கியது: வர்த்தமானி வெள்ளிக்கிழமை தோறும் மூன்று மொழியிலும் வெளியாகிறது. முதலாம் பகுதியின் இரண்டு ‘அ’ தொகுதியில் வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் இருக்கும். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஜும்ஆ முடிந்து வந்து பத்து நிமிடம் செலவழித்திருந்தால் போதும். நான் செலவழிக்கவில்லை.

இரண்டாவது, மொழி. மாத்தளையில் நமக்குச் சிங்களம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கடையிலும் பஸ்ஸிலும் சரளமாகப் பேசுகிறோம். ஆனால் அது கடைத்தெருச் சிங்களம். கோவையில் குறிப்பெழுதவும் கூட்ட அறிக்கை தயாரிக்கவும் வேறு சிங்களம் வேண்டும். 2007 ஜூலைக்குப் பின் அரச சேவைக்கு வந்தவர்கள் தம் மொழியல்லாத மற்ற அரசகரும மொழியில் குறித்த காலத்துக்குள் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்ற விதியும் உண்டு. பலர் இதைத் தலையிடியாகப் பார்க்கிறார்கள். நிருவாகத்துக்குப் போக நினைப்பவருக்கு இதுதான் முதல் பயிற்சி.

மூன்றாவது, தொழில்சார் கல்வி. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய கல்வி நிறுவகம் மகரகமவில் இயங்குகிறது. அதிபர்களுக்கும் கல்வி அதிகாரிகளுக்குமான அதன் தலைமைத்துவ நிலையம் மீப்பேயில் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் திறந்த பல்கலைக்கழகத்திலும் கல்வி முதுமாணி வரை படிக்கலாம். சிங்கப்பூரில் அதிபராகத் தெரிவாகக்கூடியவர்களை சில மாதங்கள் முழுநேரமாகப் பயிற்றுவித்த பின்னரே பாடசாலையைக் கையில் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் கதிரையில் இருந்துகொண்டே கற்க வேண்டியிருக்கிறது. ஆகவே முன்கூட்டியே தயாராவது நம் கையில்தான்.

இவ்விடத்தில் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸை நினைக்காமலிருக்க முடியாது. 1935இல் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் அவர். கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றியபோது, 1942இல், அங்கே முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தார். 1948இல் சிவில் சேவையை விட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். நிருவாகமும் கல்வியும் ஒரே மனிதரில் சேர்ந்தால் ஒரு சமூகத்துக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அவர் போதும்.

நம் ஆள் ஒருவர் பணிப்பாளராகிவிட்டால் நமக்குச் சலுகை கிடைக்கும் என்பதற்காக இதை எழுதவில்லை. அப்படி எதிர்பார்ப்பது அமானிதத்துக்கு மாறு. நல்ல அதிகாரி உக்குவளைப் பிள்ளையையும் வில்கமுவப் பிள்ளையையும் ஒரே கண்ணால் பார்ப்பார். ஆனால் தமிழ்மொழிப் பாடசாலையின் உள்ளே இருந்து வந்த ஒருவருக்கு, அதன் குறை என்ன என்று வெளியே இருந்து யாரும் விளக்க வேண்டியதில்லை.

செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு பாடசாலையிலும் ஓர் ஆசிரியர் வெள்ளி தோறும் வர்த்தமானியைப் பார்த்து, வந்ததைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஸ்டாஃப் ரூமில் ஒட்டட்டும். நான்கைந்து பேர் சேர்ந்து ஓய்வுபெற்ற ஒரு சிங்கள ஆசிரியரிடம் காரியாலயச் சிங்களம் படிக்கலாம். எனக்கு வயது நாற்பத்தாறு. என்னோடு படிப்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் போன தவணை கேட்டார்: ‘சேர், கெஸட் எங்க பாக்குற?’ அன்றிலிருந்து எங்கள் பாடசாலையில் அந்தத் தாளை ஒட்டுவது நான்தான்.