ஊவாக் காற்றும் ஊசிமுனை வண்ணமும்

வீட்டில் அளவு மாதிரிகளைச் செய்து, அவற்றுக்கு எயார்பிரஷ் கொண்டு வண்ணம் பூசுவதற்கு ஓர் இடத்தை ஒழுங்குசெய்ய முனைவோர் மேசை, கத்தி, இடுக்கி, விளக்கு ஆகியவற்றையே முதலில் எண்ணுகின்றனர். ஆனால் ஹாலிஎல போன்ற ஊரில் வேலையின் தரத்தை முடிவுசெய்வது அறைக்குள் வந்துபோகும் காற்றே ஆகும். அவ்வூர் அமைந்த பதுளைப் பள்ளத்தாக்கில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை மிகுந்திருக்கும். ஆண்டின் நடுப்பகுதியிலோ, மலையைக் கடந்து ஈரத்தை இழந்து இறங்கும் கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருவது இந்த உலர்காற்றே என்றாலும், வண்ணம் தெளிப்பவருக்கு அது மழைக்காலத்தைவிடக் குறைந்த தொல்லையைத் தருவதில்லை.

அளவு மாதிரி என்பது ஒரு பொருளின் எல்லா நீளங்களையும் ஒரே விகிதத்தில் குறுக்கிச் செய்யும் உருவமாகும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் ஏறத்தாழ 91 மீற்றர் நீளமும் 24 மீற்றர் உயரமும் கொண்டது; ரயில் மாதிரி செய்வோர் பலர் கையாளும் 1:76 விகிதத்தில் அது 1.2 மீற்றர் நீளமும் 32 சென்ரிமீற்றர் உயரமுமாகக் குறுகியும்கூட ஒரு மேசையை முழுதாகப் பிடித்துக்கொள்ளும். (தண்டவாளம் வேறொரு சிக்கல்: இலங்கையின் 1,676 மில்லிமீற்றர் அகலப் பாதை இந்த விகிதத்தில் 22 மில்லிமீற்றராக இருக்கவேண்டும், கடைகளில் கிடைப்பதோ 16.5 மில்லிமீற்றர் பாதை.) அந்தப் பாலத்தின் மாதிரி மீது தூரிகையால் பூசிய வண்ணம் 0.1 மில்லிமீற்றர் தடித்திருந்தால், அது உண்மைப் பாலத்தின் மீது 7.6 மில்லிமீற்றர் தடிப்புக்குப் பூசியதற்குச் சமம். செங்கல்லின் விளிம்பும் சாந்துக் கோடும் அதற்குள் புதைந்துபோகும். எயார்பிரஷ் இதில் ஐந்திலொரு பங்குத் தடிப்பில் படலம் விரிக்க வல்லது என்பதே அதை நாடுவதற்கான காரணம்.

பேனா அளவான இத்தெளிகருவியின் முனையிலுள்ள துளை 0.2 முதல் 0.5 மில்லிமீற்றர் வரை விட்டமுடையது. துளையை அடைத்திருக்கும் ஊசி பின்வாங்கும்போது, அதைச் சுற்றி விரைந்து பாயும் காற்று அவ்விடத்தில் அமுக்கத்தைக் குறைத்து, வண்ணத்தை வெளியே இழுத்து நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. இதற்குச் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 இறாத்தல் அமுக்கம் போதும். ஆயினும் தாங்கியுடன் கூடிய சிறு கம்பிரசர்கள் பலவும் தாங்கிக்குள் காற்றை வளிமண்டல அமுக்கத்தின் ஐந்து மடங்கு வரை நெருக்கி வைக்கின்றன. நீர்த் தொல்லை தொடங்குவது இங்கேதான். 24 பாகை செல்சியசில் ஒரு கனமீற்றர் காற்று அதிகபட்சம் ஏறத்தாழ 22 கிராம் நீராவியையே தாங்கும். சாரீரப்பதன், அதாவது காற்றிலுள்ள நீராவி அந்த உச்ச அளவில் எத்தனை வீதம் என்னும் கணக்கு, 80 வீதமாக உள்ள ஒரு நாளில், ஒரு கனமீற்றர் காற்றில் 17 கிராமுக்குச் சற்று மேலான நீராவி இருக்கும். அக்காற்றை ஐந்திலொரு பங்கு இடத்துக்குள் நெருக்கி, சூடு ஆறவிட்டால், அதில் நாலரைக் கிராமுக்கு மேல் தங்காது. எஞ்சிய 13 கிராமும் ஒடுங்கி நீராகிவிடும். நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்றைச் செலவிடும் ஒருவர் ஒரு மணிநேரம் தெளித்தால், ஒரு மேசைக்கரண்டி நீர் தாங்கிக்கும் குழாய்க்கும், காற்றிலிருந்து நீரைப் பிரிக்கும் நீர்ப்பொறிக்கும் இடையே எங்கோ தேங்கியிருக்கும் என்பது இதன் பொருள். கம்பிரசரை விட்டு வரும் காற்று சூடாக இருப்பதால், அதனருகிலேயே பொருத்திய நீர்ப்பொறியை ஆவி ஆவியாகவே கடந்து, அப்பால் குளிர்ந்த குழாயில் துளியாவது உண்டு. கைப்பிடிக்கு அருகே இரண்டாவது பொறி ஒன்றை வைப்பது மலைநாட்டில் ஆடம்பரம் அன்று.

குழாயில் நீரே இல்லாவிட்டாலும் ஈரக் காற்று வேறு வழியில் வேலையைக் கெடுக்கும். விரைவில் ஆவியாகும் கரைப்பான் கொண்ட அரக்கு வகை வண்ணங்கள் காயும்போது பரப்பைக் குளிர்விப்பதால், அப்பரப்பு பனிபடுநிலைக்கு, அதாவது காற்றிலுள்ள நீராவி ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே இறங்கினால், அறையின் நீராவியே ஈரப் படலத்தில் படிந்து பால்போன்ற வெண்மையைத் தோற்றுவிக்கிறது. இதைத் தவிர்க்கும் வழி நேரத்தைத் தெரிவதில் இருக்கிறது: விடியலில் 18 பாகையில் நீராவியால் நிறைந்திருக்கும் அதே காற்று, பிற்பகலில் 27 பாகைக்கு ஏறும்போது 60 வீதச் சாரீரப்பதனுக்கு இறங்கிவிடும். மலையகத்தார் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைகளில் உலர்குமிழ், ஈரக்குமிழ் என இரு வெப்பமானிகளை அருகருகே வைத்து ஈரத்தை அறியும் முறை வீட்டுக்கும் பொருந்தும். 24 பாகையில் இரண்டுக்குமிடையே இரண்டரைப் பாகை வேறுபாடே இருந்தால் சாரீரப்பதன் 80 வீதமளவில் உள்ளது என்று கொண்டு, அந்நாளை வெட்டவும் ஒட்டவும் தேய்க்கவும் ஒதுக்குவதே நல்லது.

தெளித்த வண்ணத்தில் பெரும்பங்கு மாதிரியில் ஒட்டாமல் மிதப்பதால், முன்புறம் திறந்த ஒரு பெட்டியும் வெளியே காற்றைத் தள்ளும் விசிறியும் தேவை. 40 சென்ரிமீற்றர் சதுர வாயில் காற்று விநாடிக்கு அரை மீற்றர் வேகத்தில் உள்ளே போகவேண்டுமானால், விசிறி நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து கனமீற்றர் காற்றை வெளியேற்றவேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக்காம்பரா ஒன்றில், கூரை ஒன்பது அடி உயரமெனக் கொண்டால், அறையின் காற்று முழுவதும் ஏழு நிமிடத்துக்குள் மாறிவிடும். வெளியேறியதற்கு ஈடாக வெளியிலுள்ள ஈரக் காற்றே உள்ளே நுழைவதால், விசிறி ஓடும்போது ஈரமகற்றும் இயந்திரம் வைப்பது வீண்செலவு. போக்குக்குழாய் அடுத்த காம்பராவின் இஸ்தோப்பை நோக்காதிருப்பது அயலாருக்குச் செய்யவேண்டிய குறைந்தபட்ச மரியாதை. கரைப்பான் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால், விறகடுப்பு எரியும் குசினியோடு ஒட்டிய மூலை எவ்வளவு வசதியாகத் தோன்றினாலும் தெளிப்பதற்கு ஏற்றதன்று. விசிறியின் மோட்டரும் ஆவி செல்லும் பாதைக்கு வெளியே இருக்கவேண்டும். துணி முகக்கவசம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்கு உயிர்ப்பூட்டிய கரி அடைத்த வடிகட்டியுள்ள கவசமே வேண்டும்.

கச்சான் காலத்தில் கணக்கு தலைகீழாகிறது. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் ஊசிமுனையிலேயே காய்ந்து துளையை அடைக்கும். தப்பிய துளிகளோ பரப்பை அடையுமுன்னே பாதி உலர்ந்து, சொரசொரப்பான தூளாகப் படியும். காய்வதைத் தாமதிக்கும் திரவத்தைச் சில துளி சேர்ப்பதும், கருவியை இன்னும் அருகே பிடிப்பதும், அமுக்கத்தைச் சற்றுக் குறைப்பதும் இதற்குத் தீர்வாகும். உலர்காற்றில் பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக் நிலைமின்னேற்றம் பெற்றுத் தூசியை இழுப்பதால், தெளிக்குமுன் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து உலரவிடவேண்டும்.

வேலை முடிந்ததும் தாங்கியின் அமுக்கத்தை இறக்கி, அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடிக்கவேண்டும். மழைக்காலத்தில் வடியும் நீர் செம்பழுப்பாக வந்தால், உட்சுவரில் துரு பிடித்துவிட்டதென்று பொருள், அத்தகைய தாங்கியை மாற்றாமல் மீண்டும் அமுக்கம் ஏற்றக்கூடாது.