நெப்போலியனுக்கு விஷமிட்டது யார்?

பெரிய தலைவர் ஒருவர் எதிரியின் காவலில் இறந்தால், அது இயற்கை மரணம் என்பதை உலகம் எளிதில் நம்புவதில்லை. நம்பாததற்காக உலகத்தை நாம் குறை கூறவும் மாட்டோம். சிறை வைத்தவனே வைத்தியரை நியமித்து, பிரேத பரிசோதனையையும் மேற்பார்த்து, அறிக்கையையும் திருத்தி வெளியிடும்போது சந்தேகம் எழாமலிருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு. சந்தேகிக்க எவருக்கும் உரிமை உண்டு. தீர்ப்புக் கூறுவதற்கோ சாட்சியம் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தை மறந்தால் என்ன விளையும் என்பதற்கு, நெப்போலியனின் மரணத்தைப் பற்றி எழுந்த வாதங்கள் தக்கதோர் உதாரணமாகும்.

1815-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி வாட்டர்லூவில் தோல்வியுற்ற நெப்போலியன், ஜூலை 15-ந் தேதி பிரிட்டிஷ் போர்க்கப்பலொன்றில் சரணடைந்தார். பிரிட்டிஷ் சர்க்கார் அவரை, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குச் சுமார் 1,900 கிலோமீட்டர் அப்பால் கடல் நடுவிலுள்ள செயிண்ட் ஹெலினா தீவுக்கு அனுப்பிற்று. அங்கே, ஈரம் கசியும் லாங்வுட் என்ற வீட்டில், கவர்னர் ஹட்ஸன் லோவின் கண்காணிப்பில் காலங் கழித்த அவர், 1821 மே 5-ந் தேதி, தமது 51-வது வயதில் உயிர் நீத்தார்.

சந்தேகத்திற்கு வித்திட்டவர்கள் வம்பளப்பவர்களல்லர், காவல் புரிந்தவர்களே. நெப்போலியனுக்கு ஈரல் நோய் கண்டிருப்பதாகச் சொன்ன ஒமீரா என்ற வைத்தியர் 1818-ல் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதே அபிப்பிராயம் கொண்ட ஸ்டோக்கோ என்ற கப்பற்படை வைத்தியர் 1819-ல் ராணுவ விசாரணைக்கு உட்படுத்தப்பட்டு, உத்தியோகத்தையும் இழந்தார். ஏன் இந்தக் கடுமை? ஈரல் நோய் என்றால் தீவின் சீதோஷ்ணம் கெட்டது என்று பொருள்படும். அப்படியானால் அவரை அங்கே அனுப்பிய சர்க்கார் மீது பழி விழும். பிரேத பரிசோதனை அறிக்கையிலும், ஈரல் சற்றுப் பெரிதாயிருந்தது என்னும் பொருள்பட ஷார்ட் என்ற பிரிட்டிஷ் வைத்தியர் எழுதிய சொற்கள் கவர்னரின் உத்தரவால் நீக்கப்பட்டன. போதாக்குறைக்கு, நெப்போலியனே தமது மரண சாசனத்தில், ஆங்கிலப் பிரபு வர்க்கமும் அதன் கூலியாளுமே தம்மைக் கொன்றுவிட்டதாக எழுதிவைத்திருந்தார். இவ்வளவுக்குப் பிறகு மக்கள் சந்தேகித்ததில் என்ன பிழை?

எனினும் பரிசோதனையில் கண்டது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். மே 6-ந் தேதி, கார்ஸிகா தீவினரான அன்டோமார்க்கி என்ற வைத்தியர், பிரிட்டிஷ் வைத்தியர்கள் முன்னிலையில் உடலைப் பரிசோதித்தார். வயிற்றில் பெரும் புண் இருந்தது. அது இரைப்பையைத் துளைத்திருந்தது. அந்தத் துவாரத்தை ஈரல் ஒட்டிக்கொண்டு அடைத்திருந்தது. ஈரலைப் பற்றி வைத்தியர்கள் சச்சரவிட்டார்கள். வயிற்றிலிருந்த புண்ணை ஒருவரும் மறுக்கவில்லை. நெப்போலியனின் தந்தையும் 1785-ல் வயிற்று நோயினாலேயே மாண்டவர். அதை நினைத்துத்தான், தமது வயிற்றை நன்றாகச் சோதித்துத் தம் மகனுக்கு எச்சரிக்கை செய்யும்படி நெப்போலியனே கேட்டுக்கொண்டிருந்தார்.

இவ்விஷயம் நூறு வருஷங்களுக்கு மேல் இப்படியே கிடந்தது. 1950-களில் நெப்போலியனின் பணியாளர் மார்ஷானின் நினைவுக் குறிப்புகள் அச்சேறின. அவற்றை ஸ்வீடன் தேசத்துப் பல் வைத்தியரான ஸ்டென் போர்ஷுவுட் என்பவர் படித்தார். கடைசி மாதங்களில் நெப்போலியன் பட்ட உபாதைகள், பாஷாணம் உண்டவனின் உபாதைகளைப் போலவே அவருக்குத் தோன்றின. தோன்றியதோடு அவர் நிற்கவில்லை. நெப்போலியனுடையதென்று பாதுகாக்கப்பட்டு வந்த தலைமயிரைத் தேடிப் பெற்று, கிளாஸ்கோ சர்வகலாசாலையில் சோதிக்கச் செய்தார். அதில் பாஷாணச் சத்து இக்காலத்து மனிதரிடம் காணப்படும் அளவைவிட மிக அதிகமாயிருந்தது. 1961-ல் இம்முடிவு ‘நேச்சர்’ என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியாயிற்று. சரித்திரப் பண்டிதர்கள் செய்யாத காரியத்தை ஒரு பல் வைத்தியர் செய்தாரென்பதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் அதற்கு மேல் அவர் வைத்த அடிதான் வழுக்கிற்று. மயிரில் பாஷாணம் இருந்தது என்பதிலிருந்து, யாரோ அதைக் கொடுத்தார்கள் என்ற முடிவுக்குப் பாய்ந்தார். கொடுத்தவரைத் தேடத் தொடங்கினார். நெப்போலியனோடு தீவில் வாழ்ந்த பிரபுவான மாந்தலோன் அகப்பட்டார். மரண சாசனத்தில் அவருக்கு 20 லட்சம் பிராங்கு எழுதப்பட்டிருந்தது. ஆகவே நோக்கம் இருந்தது. மதுபானம் அவர் பொறுப்பிலிருந்தது. ஆகவே வாய்ப்பும் இருந்தது. பூர்பன் அரச வம்சத்தாரின் கையாளாகவும் அவர் ஆக்கப்பட்டார். 1840-ல் சவப்பெட்டியைத் திறந்தபோது உடல் கெடாமலிருந்ததுகூடப் பாஷாணத்தின் வேலையே என்றார்கள். காற்றுப் புகாத உலோகப் பெட்டிகளுக்குள் அது மூடப்பட்டிருந்ததை மறந்தார்கள். கனடாவிலிருந்த பென் வைடர் என்ற வியாபாரியும் இக்கட்சியில் சேர்ந்து, புத்தகம் எழுதி உலகெங்கும் பரப்பினார். 1853-லேயே இறந்துபோன மாந்தலோன் எழுந்து வந்து பதில் கூற முடியுமா?

வேறொரு விளக்கமும் வந்தது. 1982-ல் டேவிட் ஜோன்ஸ் என்ற ரசாயன நிபுணர், லாங்வுட் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த வர்ணக் காகிதத்தின் துண்டொன்று கிடைத்து, அதன் பச்சைச் சாயத்தில் பாஷாணம் இருப்பதைக் கண்டார். ஈரத்தில் பூஞ்சை படர்ந்தால் அத்தகைய காகிதத்திலிருந்து நச்சு ஆவி கிளம்பும். அதுவே உயிரைப் போக்கியது என்று சொல்லப் போதாது. ஆயினும், கொலைகாரன் ஒருவன் இல்லாமலே பாஷாணம் உடலில் சேரக்கூடும் என்பதை அது காட்டிற்று.

வாதத்தைத் தீர்த்தது 2008-ல் இத்தாலிய விஞ்ஞானிகள் செய்த காரியம். அவர்கள் கேட்ட கேள்வி மிகவும் சாமானியமானது: நெப்போலியனின் மயிரில் மட்டுமா பாஷாணம்? கார்ஸிகாவில் அவர் சிறுவனாயிருந்த காலத்து மயிர், எல்பா தீவில் இருந்த காலத்து மயிர், செயிண்ட் ஹெலினாவில் இறந்தபோது எடுத்த மயிர், மனைவி ஜோஸபினின் மயிர், மகனின் மயிர் ஆகியவற்றையெல்லாம் சேர்த்துச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் பாஷாணம் மிகுந்திருந்தது. இன்று உயிரோடிருப்பவர்களின் மயிரில் காணப்படுவதைப் போல் சுமார் நூறு மடங்கு! அக்காலத்தில் சாயத்திலும் மருந்திலும் பாஷாணம் கலந்திருந்தது. மாந்தலோன் கொலைகாரரானால், சிறுவனாயிருந்த நெப்போலியனுக்கும் ஜோஸபினுக்கும் விஷமிட்டவர் யார்?

இதற்கு முன்பே, 2007-ல் நிபுணர்கள் பழைய பரிசோதனைக் குறிப்புகளை இக்கால நோயாளிகளின் வயிற்றுப் புண்களோடு ஒப்பிட்டு, முற்றிய வயிற்றுப் புற்று என்று முடிவு கூறியிருந்தார்கள். இறந்தபோது உடல் பருமனாயிருந்ததே, புற்று நோயாளி மெலிய வேண்டாமா என்று விஷக் கட்சியார் கேட்டதுண்டு. அதற்கும் விடை கிடைத்தது. அவர் அணிந்த காற்சட்டைகளின் இடுப்பளவைக் கொண்டு கணக்கிட்டதில், இறுதிக் காலத்தில் அவர் சுமார் 10 கிலோ எடை குறைந்திருந்தாரெனத் தெரிய வந்தது.

ஆகவே, குற்றம் சந்தேகித்ததில் இல்லை. ஒப்பிட்டுப் பாராமல் ஒருவர் மீது கொலைப்பழி சுமத்தியதில்தான் இருக்கிறது. வேண்டிய முடிவை முதலில் மனத்தில் நிறுத்திவிட்டுச் சாட்சியம் தேடுபவனுக்கு எல்லாமே சாட்சியமாகிவிடும். உபாதை இருந்தால் விஷம்; உடல் கெடாவிட்டால் விஷம்; மெலியாவிட்டாலும் விஷம். எந்தச் சாட்சியம் கிடைத்தால் தன் கொள்கையைக் கைவிடுவான் என்று சொல்ல முடியாதவன், உண்மையைத் தேடுபவனல்லன்.

இதனால் ஹட்ஸன் லோவும் அவருடைய எஜமானர்களும் நிரபராதிகள் என்று நாம் சொல்லவில்லை. வீழ்ந்த எதிரியை விசாரணையின்றிக் கடல் நடுவே ஆறு வருஷம் அடைத்து வைத்ததும், உண்மை சொன்ன வைத்தியர்களைத் தண்டித்ததும், அறிக்கையில் சொற்களை நீக்கியதும் நடந்த குற்றங்கள். அவற்றிற்குச் சாட்சியம் ஏராளமாயிருக்கிறது, விஷம் தேவையில்லை. நடவாத கொலையை நிரூபிக்க முயன்று தோற்பவர்கள், நடந்த அநீதியையும் ஜனங்கள் மறந்துவிடச் செய்கிறார்கள்.

ஹட்ஸன் லோ நீக்கிய சொற்கள் மிகச் சிலவே. அவற்றை இருந்தபடியே விட்டிருந்தால், பிரிட்டிஷ் சர்க்காருக்குச் சில நாள் சங்கடம் ஏற்பட்டிருக்கும். நீக்கியதனால் சம்பாதித்ததோ, இருநூறு வருஷத்துக் கொலைச் சந்தேகம். காவலிலிருப்பவரின் மரணத்தை மூடி மறைக்க நினைக்கும் எந்த சர்க்காரும் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. அதைத் துருவி ஆராய முன்வருபவர்களோ, பல் வைத்தியரின் ஊக்கத்தையும் இத்தாலியரின் பொறுமையையும் ஒருங்கே கைக்கொள்வார்களாக.