பெயர்வழி – 12: ஒண்டாச்சி

சென்ற வாரம் பார்த்த பெர்னாண்டோவுக்கு நேர்மாறான பெயர் இது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றபோது போர்ச்சுக்கீசியப் பெயர்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ச் சேர்ந்தன. இலங்கையின் மேற்குக் கரையிலும் அதுதான் நடந்தது. ஆகவே தூத்துக்குடி பெர்னாண்டோவும் நீர்கொழும்பு பெர்னாண்டோவும் உறவாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆயிரம் இடத்தில் ஆயிரம் முறை தொடங்கிய பெயர் அது.

ஒண்டாச்சி ஒரே ஒரு முறைதான் தொடங்கியது. கொழும்பிலோ மெல்பர்னிலோ டொரொன்டோவிலோ இந்தப் பெயரோடு ஒருவர் இருந்தால், பிறப்பாலோ கல்யாணத்தாலோ அவர் ஒரே கொடியைச் சேர்ந்தவர். அந்தக் கொடியின் வேர் 1659-ல் தஞ்சாவூரிலிருந்து கொழும்புக்குப் போன ஒரு தமிழ் வைத்தியர். கிறிஸ்தவப் பெயர் மிக்கேல் யூரி. ‘தி இங்கிலிஷ் பேஷண்ட்’ நாவலுக்காக 1992-ல் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் ஒண்டாச்சி இந்த வம்சத்தில் வந்தவர்தான்.

அவர் போன வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்று பார்க்கவேண்டும். தஞ்சையில் விஜயராகவ நாயக்கர் ஆட்சி. 1659-ல் பீஜப்பூர்ப் படை காவிரிச் சமவெளிக்குள் புகுந்து தஞ்சாவூரைப் பிடித்தது. வயல்கள் பாழாயின, பஞ்சம் வந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் டச்சுக் கம்பெனி யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடுங்கியிருந்தது. கொழும்பு 1656-லேயே அவர்கள் கைக்கு வந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிக் கொழும்பில் இறங்கினால், இரண்டு துறைமுகத்திலும் ஒரே கம்பெனியின் கொடி.

கொழும்பில் அப்போது கவர்னர் அட்ரியான் வான் டெர் மெய்டன். அவர் வீட்டில் ஒரு பெண்ணுக்கு வந்த நோயை இந்த வைத்தியர் பச்சிலையால் குணப்படுத்தினார் என்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் கதை. நோயாளி கவர்னரின் மனைவி என்று ஒரு சொல், மகள் என்று இன்னொரு சொல். மைக்கேல் ஒண்டாச்சி தன் குடும்பத்தைப் பற்றி 1982-ல் வெளியிட்ட ‘ரன்னிங் இன் தி ஃபேமிலி’ புத்தகத்தில் மகள் என்றே எழுதுகிறார். அதே இடத்தில் முன்னோர் வந்த ஆண்டை 1600 என்கிறார். அது பொருந்தாது. 1600-ல் கொழும்புக் கோட்டையில் இருந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள். டச்சுக் கம்பெனியே 1602-ல்தான் பிறந்தது. மருந்தையும் சன்மானத்தையும் விடாமல் பிடித்து வைத்திருக்கும் குடும்பக் கதைகள் வருஷத்தை நழுவ விட்டுவிடும். அதற்காகக் கதையைப் பொய் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

வைத்தியர் கொண்டுபோன பெயர் டச்சு எழுத்துக்கு மாறிய விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ‘டா’வின் நெடிலுக்கு டச்சுக் கணக்கர் ‘ஏ’ என்ற எழுத்தை இரண்டு முறை போட்டார். ‘ச்சி’ என்ற ஒலிக்கு அவர்கள் மொழியில் தனி எழுத்து கிடையாது. ‘டி’யையும் ‘ஜே’யையும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். பின்னாளில் ஜாவாவிலும் அப்படித்தான் எழுதினார்கள். 1972-ல் இந்தோனேசியா எழுத்துச் சீர்திருத்தம் செய்யும்வரை அங்கே சகர ஒலி இந்த இரட்டை எழுத்தில்தான் இருந்தது. கடைசியில் ஒரு ‘இ’ சேர்ந்தது. இப்படி எழுதியதும் இன்னொன்றும் நடந்துவிட்டது. டச்சு மொழியில் ஒன்றைச் செல்லமாகச் சுருக்கிச் சொல்லப் பெயரின் கடைசியில் ஒட்டுகிற விகுதிக்கும் இதே எழுத்துகள்தான். ஆகவே காதால் கேட்டால் தமிழ்ப் பெயர், ஏட்டில் பார்த்தால் ஆம்ஸ்டர்டாம் பெயர்.  ஆங்கிலேயர் காலத்திலும் இந்த எழுத்து அப்படியே நின்றது.

இந்த இடத்தைச் சும்மா கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. வைத்தியர் கப்பல் ஏறிய அதே பஞ்சத்தில், 1659-லிருந்து 1661 வரை, தஞ்சைச் சீமையின் மக்கள் 8,000 முதல் 10,000 பேரை டச்சுக் கம்பெனி அடிமைகளாக விலைக்கு வாங்கியது. சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையே விற்றுக்கொண்டவர்களும் பிள்ளைகளை விற்றவர்களும் அதில் உண்டு. பெரும்பாலானோரை இலங்கைக்குத்தான் ஏற்றினார்கள். மிச்சம் பேர் பதாவியாவுக்கும் மலாக்காவுக்கும் போனார்கள். அதே கடல், அதே கம்பெனி. வைத்தியரிடம் கவர்னருக்கு வேண்டிய ஒரு வித்தை இருந்ததால் அவர் பெயரைக் கேட்டு எழுதினார்கள். மற்றவர்கள் தலைக்கணக்காகப் போனார்கள். அபூர்வமான குடும்பப் பெயர் என்றதும் அரச வம்சமா, பட்டமா என்றுதான் நமக்குத் தோன்றும். இந்தப் பெயர் அபூர்வமானது, கூடப் போன ஆயிரக்கணக்கானவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்காததால்.

எழுதிய பெயர் நிலைப்பதற்கும் ஏற்பாடு வேண்டும். தமிழ் வழக்கில் அப்பன் பெயர் பிள்ளைக்கு முன்னால் வரும். பேரன் காலத்தில் தாத்தா பெயர் விலகிவிடும். டச்சுக்காரர்கள் இலங்கையில் வைத்த முறை வேறு. காணிகளுக்குக் காணித் தோம்பு என்ற பதிவேடு, ஆட்களுக்குப் பள்ளித் தோம்பு. ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் அந்த ஊர்க் கிறிஸ்தவர்களின் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு மூன்றையும் வீடு வாரியாக எழுதி வைக்கவேண்டும். கம்பெனி உத்தியோகம் வேண்டுமானால் சீர்திருத்தச் சபையில் உறுப்பினராக இருக்கவேண்டும். உத்தியோகமும் சொத்தும் ஏட்டில் இருந்த பெயரோடு கட்டப்பட்டுவிட்டதால் பெயரை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. கொழும்புச் செட்டிகள் பலருடைய குடும்பப் பெயர் உறைந்தது இந்தக் காலத்தில்தான். ஒண்டாச்சிகளையும் அந்தச் சமூகத்தோடு சேர்த்துத்தான் சொல்வார்கள்.

அடுத்த நூறு வருஷத்தில் இந்தப் பெயர் வைத்தியத்திலிருந்து பிரசங்க மேடைக்கு ஏறியது. 1690களில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் டச்சுக்காரர்கள் குருத்துவப் பள்ளிகள் திறந்தார்கள். 1737-ல் கொழும்பில் அச்சுக்கூடம் வந்தது. கிரேக்கத்திலிருந்து தமிழாக்கிய புதிய ஏற்பாட்டைப் பிலிப்பு தெ மெல்லோ 1759-ல் வெளியிட்டது அந்த அச்சில்தான். தெ மெல்லோ குடும்பமும் ஒண்டாச்சி குடும்பமும் ஒரே வட்டம். பின்னால் ஒரு ஒண்டாச்சிப் பிள்ளைக்குப் பிலிப்பு தெ மெல்லோ என்றே பெயர் வைத்தார்கள். வில்லெம் யூரியான் ஒண்டாச்சி நெதர்லாந்துக்குப் போய் இறையியல் படித்து, ஹெர்மினா குவிண்ட் என்ற டச்சுப் பெண்ணை மணந்து, குருவாகத் திரும்பி வந்தார்.

அவர்கள் மகன்தான் இந்த வம்சத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர்: பீட்டர் பிலிப் யூரியான் குவிண்ட் ஒண்டாச்சி. 1758-ல் கொழும்பில் பிறந்தார். பதினைந்து வயது வாக்கில் நெதர்லாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். உட்ரெக்ட் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது அந்த நாட்டு அரசியலுக்குள் குதித்தார். அங்கே ‘தேசபக்தர்கள்’ என்று ஒரு கட்சி. இளவரசர் ஐந்தாம் வில்லியத்தின் ஆட்களே நகர மன்றங்களில் உட்கார்ந்திருப்பது கூடாது, நகர மக்கள் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்திய காலம் அது. உட்ரெக்டின் குடிமக்கள் படையில் ஒரு பிரிவுக்குக் குவிண்ட் தலைவர். பழைய மன்றத்துக்கு நெருக்கடி கொடுத்த கூட்டங்களில் அவர் குரல்தான் முன்னால் நின்றது. 1786 ஆகஸ்டில் நகரத்தின் நெய்டா சதுக்கத்தில் படையும் மக்களும் திரண்டு நிற்க, மக்கள் தரப்புப் பிரதிநிதிகள் பதவி ஏற்றார்கள். நெதர்லாந்தில் ஜனநாயகத்துக்காக முதலில் திரண்ட நகரங்களில் ஒன்றை முன்நின்று நடத்தியவரின் பெயர் தஞ்சாவூர்ப் பெயர். நம் பாடப் புத்தகங்களில் இதற்கு ஒரு வரியாவது கொடுக்கவேண்டும் என்பது என் ஆசை.

இந்த வெற்றி ஒரு வருஷத்துக்குச் சற்று மேல்தான் நிலைத்தது. 1787 செப்டம்பரில் பிரஷ்யப் படை வந்து இளவரசரின் அதிகாரத்தை மீட்டுக் கொடுத்தது. குவிண்ட் பிரான்சுக்குத் தப்பி டன்கர்க் பக்கம் அகதியாக இருந்தார். 1795-ல் பிரெஞ்சுப் படையின் துணையோடு தேசபக்தர்கள் திரும்பியபோது அவரும் திரும்பினார். கடைசியில் கிழக்கே வந்து, 1818-ல் பதாவியாவில் காலமானார். பிறந்த கொழும்பு அதற்குள் ஆங்கிலேயர் கையில்.

ஆங்கிலேயர் காலத்தில் கொழும்பு ஜிந்துப்பிட்டி புனித தோமையார் ஆலயத்தில் தமிழில் ஆராதனை நடத்திய குருக்களில் ஒண்டாச்சிகள் உண்டு. அப்பனும் மகனும் அடுத்தடுத்து. மகன் சைமன், அரசாங்கச் சம்பளத்தில் இருந்த தமிழ்க் குருக்களில் கடைசியானவர். அவருடைய தம்பிகளில் வில்லியம் சார்ல்ஸ், 1849-ல் பேராதனைத் தாவரவியல் தோட்டத்துக் கண்காணிப்பாளர் கார்ட்னர் இறந்ததும் அந்தப் பொறுப்பைத் தற்காலிகமாகப் பார்த்தவர். எருக்கு போன்ற நச்சுச் செடிகளில் அவருக்கு விசேஷ அறிவு. பச்சிலை வைத்தியரின் வம்சத்தில் இரண்டு நூற்றாண்டு கழித்து ஒரு தாவரவியலாளர் வந்ததை நான் தற்செயலாகவே எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு தம்பி மேத்யூ, டச்சு அச்சுக்கூடத்தில் வெளிவந்த நூல்களைப் பட்டியலிட்டு 1865-ல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளை இதழில் வெளியிட்டார். தோமையார் ஆலயத்துத் தரையில் இந்தக் குடும்பத்தின் கல்லறைக் கற்கள் பதித்திருக்கின்றன. ஒவ்வொரு எழுத்தும் பெரிதாக வெட்டியது; பெயர் மட்டுமே ஒரு முன்னங்கை நீளத்துக்கு வரும். மைக்கேல் அங்கே மண்டியிட்டுப் படித்ததைத் தன் புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இவ்வளவு பேரைச் சொல்லிவிட்டு அபூர்வமான பெயர் என்கிறீர்களே என்று வாசகர்கள் கேட்கலாம். குடும்பப் பெயர் அழிவது பற்றி 1870களில் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சன் என்ற பாதிரியாரும் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்த வழியிலேயே நாமும் போட்டுப் பார்க்கலாம். நூறு ஆண்கள், ஆளுக்கொரு பெயர். அவர்களில் கால்வாசிப் பேருக்கு மகன் இல்லை, பாதிப் பேருக்கு ஒரு மகன், மீதிக் கால்வாசிக்கு இரண்டு மகன்கள். சராசரி ஆளுக்கு ஒரு மகன், ஜனத்தொகை கூடவும் இல்லை குறையவும் இல்லை. முதல் தலைமுறையிலேயே 25 பெயர்கள் போய்விடும். ஐந்தாவது தலைமுறையில் 60. தலைமுறைக்கு முப்பது வருஷம் என்று வைத்தால் 1659-லிருந்து இன்றுவரை சுமார் பன்னிரண்டு தலைமுறை. அதற்குள் நூற்றில் 77 பெயர்கள் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். போரோ கொள்ளைநோயோ வேண்டியதில்லை, பெண் பிள்ளைகள் மட்டும் பிறந்தாலே போதும். பெர்னாண்டோவுக்கு இந்த ஆபத்து கிடையாது; ஒரு கிளை பட்டுப்போனால் ஆயிரம் கிளை மிச்சம் இருக்கும். ஒரே விதையில் முளைத்த பெயருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒண்டாச்சி தப்பியதற்கு முதல் காரணம், தொடக்கத் தலைமுறைகளில் வீடு நிறையப் பிள்ளைகள் பிறந்ததுதான். இன்று மகள்கள் வழியில் வேறு பெயரோடு இருக்கும் சந்ததியார் பல மடங்கு இருப்பார்கள்; அவர்களை எந்தப் பெயர்ப் பட்டியலும் காட்டாது.

ஜனக்கணக்கிலும் இந்தக் குடும்பம் ஒரு கட்டத்துக்குள் அடங்கியதில்லை. வைத்தியர் தமிழர். பிள்ளைகள் கொழும்புச் செட்டி வட்டத்தில் வளர்ந்தார்கள். பின்னால் டச்சு, சிங்களக் கலப்பு வந்து பறங்கியரோடு சேர்ந்தார்கள். இலங்கையில் 2001 கணக்கெடுப்பில் கொழும்புச் செட்டிகளைத் தனி இனமாக எண்ணினார்கள். அதற்குள் ஒண்டாச்சிகள் பலர் தீவை விட்டுப் போயிருந்தார்கள். 1948 சுதந்திரத்துக்குப் பிறகு, முக்கியமாக 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபிறகு, ஆங்கிலம் பேசிய பறங்கியர் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பல் ஏறின. கண்டியில் 1933-ல் பிறந்த கிறிஸ்டபர் ஒண்டாச்சி கனடாவுக்குப் போனது அந்த 1956-ல். அங்கே பங்குச் சந்தையில் பெரும் பொருள் ஈட்டினார். 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவுக்காகப் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் இறங்கினார். லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் 2000-ல் திறந்த ஒரு பகுதி அவர் கொடையால் ஒண்டாச்சி என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய தம்பிதான் நாவலாசிரியர் மைக்கேல். ஓவியர் கிம் ஒண்டாச்சி, மைக்கேலின் முதல் மனைவி. பிரிந்த பிறகும் அந்தப் பெயரிலேயே கனடாவில் புகழ்பெற்றார். இலங்கைக் காட்டுச் சிலந்தி ஒன்றுக்கும் 2016-ல் ஆராய்ச்சியாளர்கள் மைக்கேலின் பெயரை வைத்தார்கள். விலங்கியல் ஏடுகளில் ஏறிய பெயர் மகன் பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் நிற்கும்.

தஞ்சைப் பஞ்சத்தில் தலைக்கணக்காகப் போனவர்களைப் பற்றிச் சொன்னேன். அடிமைகளுக்கு டச்சுக் கம்பெனி தன் ஏடுகளில் வைத்த பெயர்கள் சில தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இன்றும் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. பிப்ரவரி, செப்டம்பர் என்று மாதப் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் அங்கே உண்டு. அடுத்த வாரம் அங்கே போகிறோம்.

(தொடரும்)